ஏழு ரெஜிஸ்டர் போதுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வளரும் பிள்ளைகளில் பலருக்கு டரெட் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். அப்பாவோ மாமாவோ சிஎன்சி லேத் ஓட்டுகிறவர் என்றால் நிச்சயம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரும்புத் துண்டைச் சுழலவிட்டு, கூர்மையான டூலால் சீவிச் சீவி ஒரு பாகத்தைச் செய்கிற இயந்திரம் லேத். அந்த டூல்களைப் பூட்டி வைக்கிற தட்டுதான் டரெட். பல இயந்திரங்களில் அதில் எட்டு இடம் இருக்கும். வெளிப்புறம் சீவ ஒரு டூல், உள்துளையைப் பெரிதாக்கப் போரிங் பார், மரை போட ஒன்று, துளையிட டிரில், கடைசியில் செய்து முடித்த பாகத்தை வெட்டி எடுக்க ஒன்று. வேண்டிய டூல் டரெட்டில் இருந்தால் தட்டு சுழன்று அதைச் சட்டென்று முன்னால் கொண்டுவந்துவிடும். அலமாரியில் இருந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்ட வேண்டும். புதிய டூலின் முனை எங்கே நிற்கிறது என்று அளந்து ஆஃப்செட் கொடுக்க வேண்டும். அதனால் நல்ல செட்டர் ஒருவர் வேலையைத் தொடங்கும் முன்பே யோசிப்பார்: எந்த டூல் கடைசிவரை வேண்டும், எது பாதியில் போய்விடும், எந்த வேலையை முதலில் முடித்தால் ஓர் இடம் காலியாகும்?

கணினியின் மூளையான பிராசஸருக்குள்ளும் இப்படிச் சில இடங்கள் உண்டு. அவற்றுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். கூட்டலும் கழித்தலும் நடக்கிற சுற்றுக்கு மிக அருகில் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை மட்டும் வைக்கலாம். மீதி எண்களெல்லாம் மெமரியில் இருக்கும். மெமரி பெரியது, ஆனால் தூரமானது. அங்கே போய் ஓர் எண்ணை எடுத்துவர நேரம் பிடிக்கும்.

நீங்கள் ஸ்க்ராட்ச்சிலோ பைத்தானிலோ நிரல் எழுதியிருந்தால் 'மொத்தம்', 'மதிப்பெண்', 'எண்ணிக்கை' என்று விரும்பிய அளவுக்குப் பெயர்கள் வைத்திருப்பீர்கள். ஐம்பது பெயர் வைத்தாலும் கணினி ஒன்றும் சொல்லாது. ஆனால் பிராசஸருக்கு நேரடியாகப் புரிகிற கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதுகிற அசெம்பிளி மொழியில் அப்படி எழுத முடியாது. அங்கே இருக்கிற ரெஜிஸ்டர்களை வைத்துத்தான் வேலையை முடிக்க வேண்டும். அது எப்படி முடிகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனையோ பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்த அக்காவோ அண்ணனோ உங்கள் தெருவில் இருந்தால் "8085 கிட்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு மாணவர்கள் பிராசஸரை முதன்முதலில் தொட்டுப் பழகியது அந்தக் கிட்டில்தான். ஒரு சர்க்யூட் பலகை, எண்களைத் தட்ட விசைகள், தட்டியதைக் காட்ட ஒரு சின்னத் திரை, நடுவே 40 கால்களோடு 8085 என்ற சில்லு. 4100 என்ற முகவரியிலிருந்து நிரலைத் தட்டத் தொடங்கும் கிட்கள் நம் ஊரில் ஏராளம்.

8085 சில்லை இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்டது. இவ்வளவு பழையதை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதில் எதுவும் மறைந்து கிடக்காது என்பதுதான் காரணம். ஓர் எண் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டலாம். இன்னொரு சேதியும் சொல்கிறேன். 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கோளில் பாத்ஃபைண்டர் என்ற விண்கலம் இறங்கியது. அதிலிருந்து சோஜர்னர் என்ற ஆறு சக்கர வண்டி வெளியே வந்து, செவ்வாயின் மண்ணில் 83 செவ்வாய் நாள்கள் வேலை செய்தது. திட்டமிட்டது 7 நாள்தான்! அந்த வண்டியை ஓட்டிய பிராசஸர் 80சி85. நம் 8085-இன் நெருங்கிய உறவு. நொடிக்கு 20 லட்சம் கடிகாரத் துடிப்பில் அது ஓடியது. கல்லூரிக் கிட்களில் இருக்கும் 8085 பெரும்பாலும் நொடிக்கு 30 லட்சம் துடிப்பு.

இப்போது இடங்களை எண்ணுவோம். நாம் எண்களை வைத்து எடுக்க 8085-இல் இருப்பவை ஏழு ரெஜிஸ்டர்கள்: ஏ, பி, சி, டி, இ, எச், எல். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். கூட்டினாலும் கழித்தாலும் விடை பெரும்பாலும் ஏ-வில்தான் வந்து விழும். அடுத்த கட்டளை எங்கே என்று நினைவில் வைப்பது போன்ற வேலைகளுக்கு வேறு சில ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றை நம் விருப்பத்துக்கு எடுத்துப் பயன்படுத்த முடியாது.

ஏன் ஏழு? இருபது வைத்திருக்கக் கூடாதா? இதற்கான விடை மிக அழகானது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

8085-இல் ஒரு கட்டளையின் குறி என்பது எட்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. "ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எண்ணை நகல் எடு" என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இடங்களில் 01 என்று இருந்தால் அது நகல் எடுக்கும் கட்டளை. அடுத்த மூன்று இடங்கள் "எங்கே வைக்க வேண்டும்" என்று சொல்லும். கடைசி மூன்று இடங்கள் "எங்கிருந்து எடுக்க வேண்டும்" என்று சொல்லும். இரண்டும் மூன்றும் மூன்றும் எட்டு. மூன்று இடங்களில் 0, 1 என்று மாற்றி மாற்றிப் போட்டால் எத்தனை வகை கிடைக்கும்? 000, 001, 010 என்று தொடங்கி 111 வரை எட்டே எட்டு வகை. பி-க்கு 000, சி-க்கு 001, டி-க்கு 010, இ-க்கு 011, எச்-க்கு 100, எல்-க்கு 101, ஏ-வுக்கு 111. நடுவில் ஒன்றை விட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? 110. அது ரெஜிஸ்டருக்குத் தரப்படவில்லை. எச்-உம் எல்-உம் சேர்ந்து சுட்டிக்காட்டும் மெமரி இடத்துக்கு அந்த எண்.

பதினாறு ரெஜிஸ்டர் வைத்திருந்தால் ஒவ்வொன்றின் அடையாளத்துக்கும் நான்கு இடம் வேண்டும். எங்கே என்பதற்கு நான்கு, எங்கிருந்து என்பதற்கு நான்கு. எட்டும் தீர்ந்துவிட்டது! என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல இடமே மிஞ்சாது. ரெஜிஸ்டர்கள் குறைவாக இருப்பதற்குச் சில்லில் இடம் போதாமை ஒரு காரணம்தான். ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் அவற்றின் பெயரை எழுத இடம் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பி-யில் இருப்பதை ஏ-வுக்கு நகல் எடுக்க 01, 111, 000 என்று எழுத வேண்டும். நான்கு நான்காகப் பிரித்தால் 0111, 1000. அதாவது 7, 8. கிட்டில் 78 என்று தட்டினால் போதும். இப்போது நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மெமரி இடத்திலிருந்து அதே மெமரி இடத்துக்கு நகல் எடுக்கச் சொன்னால் என்ன எண் வரும்? 01, 110, 110. பிரித்தால் 0111, 0110. அதாவது 76. இருக்கிற இடத்திலேயே எடுத்து இருக்கிற இடத்திலேயே வைப்பதில் பயன் ஒன்றும் இல்லையே! அதனால் இதை வடிவமைத்தவர்கள் அந்த எண்ணை வீணாக்காமல் வேறொரு கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள்: "நில்". கிட்டில் பழகிய எந்த மாணவரைக் கேட்டாலும், நிரலின் கடைசியில் 76 தட்டியதாகச் சொல்வார். அந்த 76 எங்கிருந்து வந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.

சரி, ஏழை வைத்து ஒரு வேலை செய்வோம். பத்துப் பேரின் மதிப்பெண்கள் மெமரியில் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். ஆய்வகத்தில் எல்லாரும் செய்கிற பயிற்சி இது. பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும்; முன்னால் இருப்பது பெரியதாக இருந்தால் இடம் மாற்ற வேண்டும்; கடைசிவரை இப்படியே போக வேண்டும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது சுற்று முடிந்தால் வரிசை சரியாகிவிடும்.

யாருக்கு எந்த வேலை? முதலில், மெமரியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று நினைவு வைக்க வேண்டும். மொத்தம் 65,536 இடங்களில் எதுவாகவும் அது இருக்கலாம். ஒரு ரெஜிஸ்டரில் 256 வகை எண்கள்தான் அடங்கும். 256-ஐ 256-ஆல் பெருக்கினால் சரியாக 65,536. ஆகவே முகவரிக்கு இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும். எச், எல் இரண்டும் போயின. ஒப்பிடும் எண்ணை ஏ-வில் வைக்க வேண்டும். இடம் மாற்றும்போது ஓர் எண்ணைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க டி. ஒரு சுற்றில் இன்னும் எத்தனை ஒப்பீடு பாக்கி என்று எண்ண சி. இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று எண்ண பி. ஆறு ரெஜிஸ்டர் தீர்ந்தது. இ மட்டும் சும்மா இருக்கிறது.

இப்போது ஆசிரியர், "அப்படியே மொத்த மதிப்பெண்ணையும் கண்டுபிடி" என்கிறார். பத்துப் பேரும் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தால் மொத்தம் 1000. அது 255-ஐத் தாண்டிவிட்டது. ஒரு ரெஜிஸ்டரில் அடங்காது. இரண்டு வேண்டும். கையில் இருப்பது ஒன்று. என்ன செய்வது?

முதலில் தோன்றும் வழி, ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் மெமரிக்கு அனுப்பிவிடுவது. இதற்கென்றே ஸ்டாக் என்று மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். புஷ் என்ற கட்டளை இரண்டு ரெஜிஸ்டர்களை ஒன்றாக அங்கே கொண்டுபோய் வைக்கும். பாப் என்ற கட்டளை திரும்பக் கொண்டுவரும். கடைசியாக வைத்ததுதான் முதலில் திரும்பி வரும். பி-யையும் சி-யையும் வைத்த பிறகு டி-யையும் இ-யையும் வைத்தால், எடுக்கும்போது டி, இ முதலில் வர வேண்டும். வரிசையை மாற்றி எடுத்தால் பி-யின் எண் டி-க்குப் போய்விடும். நிரல் எந்தக் குறையும் சொல்லாமல் தவறான விடையைக் காட்டும். நேரமும் செலவாகும். ஒரு ரெஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்க 8085-க்கு 4 துடிப்பு. ஒரு ஜோடியைப் புஷ் செய்ய 12, திரும்பப் பாப் செய்ய 10. போய்வர 22 துடிப்பு! சுற்றுக்குச் சுற்று இதைச் செய்தால் நிரல் நத்தை வேகத்துக்குப் போய்விடும்.

இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அடுக்கும் வேலை முடியட்டும், அதன் பிறகு கூட்டுவோம். அடுக்கி முடித்ததும் சுற்றை எண்ணிய பி காலியாகிவிடும். தற்காலிகமாகப் பிடித்துவைத்த டி-யும் காலி. ஏ-வில் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிக்கொண்டே போகலாம். 255-ஐத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பி-யில் ஒன்று ஏற்றிக்கொள்ளலாம். சி வழக்கம்போல எண்ணிக்கை. எச், எல் வழக்கம்போல முகவரி. மொத்தம் ஐந்து போதும். இரண்டு வேலையையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டபோது போதாமல் இருந்த அதே ஏழு, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தபோது மிஞ்சிவிட்டது.

எத்தனை எண்கள் தேவை என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை எண்கள் தேவை என்ற கேள்விதான் இங்கே முக்கியம். அசெம்பிளியில் தேர்ந்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு ரெஜிஸ்டரை மிச்சம் பிடிக்க முடியுமா? முடியும். எல்-இல் முகவரியின் பின்பாதி இருக்கிறது. பத்து எண்களையும் எல்-இன் மதிப்பு 246 முதல் 255 வரை வருகிற இடங்களில் வைத்துவிடுங்கள். ஒவ்வோர் எண்ணாகப் போகும்போது எல்-இல் ஒன்று கூட்டிக்கொண்டே வருவோம். 255-க்குப் பிறகு ஒன்று கூட்டினால் 256 வராது. இடம் இல்லாததால் 0 ஆகிவிடும். விடை 0 ஆனால் அதை பிராசஸர் தானாகவே குறித்துக்கொள்ளும். அதைப் பார்த்து நிறுத்திவிடலாம். எண்ணிக்கைக்கு சி தேவையே இல்லை! எல் ஒன்றே முகவரியையும் காட்டுகிறது, எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்கிறது. எண்களை எங்கே வைக்கிறோம் என்பதை யோசித்து முடிவு செய்ததால் ஒரு ரெஜிஸ்டர் கிடைத்தது. இப்படிப்பட்ட உத்திகளைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் மகிழ்ச்சிக்காகவே அசெம்பிளி கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

இனி ஒரு விளையாட்டு. தாளில் மூன்று பெட்டிகள் வரையுங்கள். பென்சிலால் எழுத வேண்டும், அழிப்பானும் வேண்டும். விதிகள் இவை: ஒரு பெட்டியில் ஓர் எண்தான் இருக்கலாம். பெட்டியில் இருக்கும் எண்களை மட்டுமே கூட்டலாம், கழிக்கலாம். விடையையும் ஏதாவது ஒரு பெட்டியில்தான் எழுத வேண்டும். பழையதை அழித்துவிட்டு எழுதலாம். மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அடைப்புக்குறிகளை மாற்றக் கூடாது. கணக்கு இதுதான்:

(20 + 7) − ((9 + 6) − (3 + 4))

எல்லாரும் இடப்பக்கத்திலிருந்துதான் தொடங்குவோம். 20, 7 இரண்டையும் இரண்டு பெட்டிகளில் எழுதிக் கூட்டினால் 27. அது முதல் பெட்டியில் உட்கார்ந்துவிடும். அடுத்து 9, 6. கூட்டினால் 15. அது இரண்டாம் பெட்டியில். இப்போது 3-ஐ மூன்றாம் பெட்டியில் எழுதலாம். 4-ஐ எங்கே எழுதுவது? இடமில்லை. நான்காவது பெட்டி வேண்டும்.

இப்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 9, 6 கூட்டி 15, முதல் பெட்டியில். 3, 4 கூட்டி 7, இரண்டாம் பெட்டியில். 15-இல் 7 போக 8, முதல் பெட்டியில். மற்ற இரண்டு பெட்டிகளும் காலி! அவற்றில் 20, 7 எழுதிக் கூட்டினால் 27. 27-இல் 8 போக 19. மூன்று பெட்டிக்குள் முடிந்தது.

இடப்பக்கக் கணக்குக்கு இரண்டு பெட்டி போதும்; வலப்பக்கத்துக்கு மூன்று வேண்டும். இரண்டு வேண்டியதை முதலில் செய்தால், அதன் விடை ஒரு பெட்டியை அடைத்துக்கொண்டு, மூன்று வேண்டியதற்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. அதிக இடம் கேட்கும் பக்கத்தை முதலில் முடிப்பதே சரி. எத்தனை இடம் வேண்டும் என்று கணக்கிடும் முறையை 1958-இலேயே ரஷ்யாவின் ஆந்திரேய் எர்ஷோவ் எழுதியிருந்தார். 1970-இல் ரவி சேத்தியும் ஜெஃப்ரி உல்மனும் இதற்கு முழுமையான ஒரு முறையைத் தந்து, அதைவிடக் குறைவாக முடியாது என்றும் நிறுவினார்கள். சேத்தி கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு ஆய்வுக்குப் போனவர். அப்போது அவர் ஓர் ஆய்வு மாணவர்தான். நாம் எழுதும் நிரலைப் பிராசஸரின் கட்டளைகளாக மாற்றுகிற மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். ஆல்ஃபிரெட் ஆஹோவுடன் சேர்ந்து சேத்தியும் உல்மனும் எழுதிய கம்பைலர் பாடநூலை நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள்.

விளையாட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினால் வியப்பான ஒன்று தெரியவரும். மூன்று பெட்டி கட்டாயம் வேண்டும் என்று ஆக, கணக்கில் குறைந்தது எத்தனை எண்கள் இருக்க வேண்டும்? யோசியுங்கள். ஒரு பக்கத்துக்கு அதிகமும் இன்னொரு பக்கத்துக்குக் குறைவும் தேவைப்பட்டால், அதிகத்தை முதலில் செய்து கூடுதல் பெட்டி இல்லாமல் தப்பித்துவிடலாம். இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டால்தான் தப்பிக்க வழியில்லை, ஒரு பெட்டி கூடும். ஆக, ஒரு பெட்டி கூட வேண்டுமென்றால் எண்களின் எண்ணிக்கை குறைந்தது இரண்டு மடங்காக வேண்டும். இரண்டு பெட்டிக்குக் குறைந்தது 2 எண்கள். மூன்றுக்கு 4. நான்குக்கு 8. அப்படியே போனால் எட்டுப் பெட்டி கட்டாயம் வேண்டும் என்பதற்குக் குறைந்தது 128 எண்கள் இருக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 127 எண்கள் வரை உள்ள எந்தக் கணக்கையும், எத்தனை அடைப்புக்குறி இருந்தாலும், ஏழு பெட்டிக்குள் முடித்துவிடலாம். ஏழு எவ்வளவு பெரிய எண் பாருங்கள்!

8085-இல் ஏழும் சமமானவை இல்லை. கணக்கு ஏ-வில்தான் நடக்கும், முகவரிக்கு எச்-உம் எல்-உம் வேண்டும். அதனால் இந்தக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. அதோடு உண்மையான நிரல்களில் ஓர் எண் ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போவதில்லை. மதிப்பெண் அடுக்கும் நிரலில் பி-யில் இருந்த சுற்று எண்ணிக்கை கடைசிவரை தேவைப்பட்டது அல்லவா? இப்படி நீண்ட நேரம் இருந்தே ஆக வேண்டிய எண்களுக்கு வேறு வழி வேண்டும். 1981-இல் ஐபிஎம் நிறுவனத்தில் கிரிகரி சாய்டினும் உடன் பணியாற்றியவர்களும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு எண்களைக் கோட்டால் இணையுங்கள். பிறகு கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வராதபடி வண்ணம் தீட்டுங்கள். ஒரு நிறம் ஒரு ரெஜிஸ்டர். நிறங்கள் போதாவிட்டால் ஏதாவது ஒரு புள்ளியை மெமரிக்கு அனுப்பிவிட்டு மறுபடி தீட்டிப் பாருங்கள். நாம் மேலே செய்ததும் இதுதான். 'சுற்று எண்ணிக்கை'க்கும் 'மொத்தத்தின் மேல்பாதி'க்கும் நடுவே கோடு கிடையாது. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது வருகிறது. அதனால் இரண்டுக்கும் பி என்ற ஒரே நிறம் கிடைத்தது. இன்று நீங்கள் எழுதும் நிரல்களைக் கட்டளைகளாக மாற்றுகிற கம்பைலர்கள் இப்படிப்பட்ட வேலையைத்தான் உங்களுக்காகச் சத்தமில்லாமல் செய்கின்றன.

இப்போது சென்னையில் பிறந்த ஒரு பிராசஸரைப் பார்ப்போம். பெயர் சக்தி. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வீ. காமகோடியும் அவருடைய மாணவர்களும் 2014-இல் தொடங்கிய திட்டம் இது. 2018-இல் ரைஸ்கிரீக் என்ற சக்திச் சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் உருவானது. அதே ஆண்டில் ரிமோ என்ற சில்லு நம் நாட்டிலேயே, சண்டிகரில் உருவானது. இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த ஐரிஸ் என்ற சில்லு 2025 பிப்ரவரியில் வெளியானது.

சக்தி, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளை முறையைப் பின்பற்றுகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய முறை அது. அதில் 32 ரெஜிஸ்டர்கள். ஏன் 32 என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். ஒரு கட்டளைக்கு 32 இடங்கள். ஒரு ரெஜிஸ்டரின் அடையாளத்துக்கு ஐந்து இடம். எங்கே வைப்பது, எவற்றைக் கூட்டுவது என்று மூன்று ரெஜிஸ்டர்களைச் சொல்லப் பதினைந்து இடம். மீதி 17 இடங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு.

அந்த 32-இல் ஒன்று எப்போதும் 0 மட்டுமே வைத்திருக்கும். எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளாது! இது வீண் என்று தோன்றலாம். ஆனால் பூச்சியம் அவ்வளவு அடிக்கடி தேவைப்படுகிறது. ஓர் எண்ணோடு 0-ஐக் கூட்டினால் அதே எண். ஆகவே நகல் எடுக்கத் தனிக் கட்டளையே வேண்டாம், கூட்டல் போதும். ஓர் இடத்தைக் கொடுத்துக் கட்டளைகளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

32 இருந்தாலும் சண்டை வராமல் பங்கிட வேண்டும். ஒருவர் எழுதிய நிரல் இன்னொருவர் எழுதியதை வேலைக்கு அழைக்கும். இருவரும் ஒரே ரெஜிஸ்டரில் எழுதினால் என்னாகும்? அதற்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 12 ரெஜிஸ்டர்களை யார் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும்போது முன்பு இருந்த எண்ணோடுதான் கொடுக்க வேண்டும். 7 ரெஜிஸ்டர்களில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். முன்பு இருந்தது போனால் கேட்கக் கூடாது. 8 ரெஜிஸ்டர்கள் அழைக்கும்போது எண்களைக் கொடுத்துவிடவும் விடையை வாங்கவும். பூச்சியத்தையும் சேர்த்து 5 ரெஜிஸ்டர்களுக்குத் தனி வேலை உண்டு. ஸ்டாக் எங்கே இருக்கிறது என்று காட்டுவது அவற்றில் ஒன்று. 12, 7, 8, 5. கூட்டிப் பாருங்கள். சில்லுக்குள் இந்த ஒப்பந்தத்தைக் காவல் காக்க எந்தச் சுற்றும் இல்லை. அசெம்பிளி எழுதுகிற ஒவ்வொருவரும், ஒவ்வொரு கம்பைலரும் சொன்ன சொல் தவறாமல் இருப்பதால்தான் அது நிற்கிறது.

அதே ரிஸ்க்-ஃபைவ் முறையில், மிகச் சின்னக் கருவிகளுக்காக 16 ரெஜிஸ்டர் மட்டும் உள்ள வடிவமும் உண்டு. சில்லின் அளவும் மின்சாரச் செலவும் குறைய வேண்டும் என்பதற்காக அங்கே வேண்டுமென்றே பாதியைக் குறைத்திருக்கிறார்கள்.

பென்சிலும் அழிப்பானும் இன்னும் கையில்தானே இருக்கின்றன? இந்த மாதத்துக்கான புதிர் இதோ:

((9 + 3) − (7 − 6)) − ((4 + 5) − (2 + 1))

விடை 5 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நான் கேட்பது அதை இல்லை. எட்டு எண்கள், இரண்டு பக்கமும் சமம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மூன்று பெட்டி போதாது. ஆனால் இந்த முறை ஒரு சலுகை தருகிறேன். பெட்டிக்கு வெளியே, தாளின் ஓரத்தில், ஒரே ஒரு எண்ணை ஒரே ஒரு முறை எழுதி வைத்து, பிறகு பெட்டிக்குத் திரும்பக் கொண்டுவரலாம். எந்த எண்ணை எழுதி வைப்பீர்கள்? எந்த நேரத்தில்? ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.